முறிக்காத பேதி

தேர் இழுக்கிற நாள் காலையில் பேதிக்குக் குடிக்கிற மனிதர்களை நான் என் கணவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில்தான் கண்டேன். மற்ற ஊர்களில் அம்மனுக்கு முன்னால் போய் நிற்கிறவர்கள் குளித்துவிட்டுப் போகிறார்கள். இவர்களுக்கு அது போதாது. உடம்பின் உள்பக்கத்தையும் கழுவியாக வேண்டும். இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்குக் கீழே சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தத் தோட்டத்தில் எப்போதோ ஒரு பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர், இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தாராம். அவர் எதில் செத்தார் என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு.

சட்டம் இதுதான். தேர் நிலைக்கு வந்ததும் பரிவட்டம் கட்டிக்கொள்ளப் போகும் பெரிய மனிதர், அன்று விடியற்காலையில் நிலாவாரையும் கடுக்காயும் இடித்துக் காய்ச்சிய கஷாயத்தைக் குடிக்க வேண்டும். வயிறு காலியாக வேண்டும். அதன் பிறகு தேர் திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. தேர் வந்து, பரிவட்டம் கட்டி, கோவில் கஞ்சியை வாங்கிக் குடித்தால் பேதி முறியும். முறிப்பது அங்கே பெரிய விஷயம். சாதாரணச் சனிக்கிழமைகளில் பேதிக்குக் குடிக்கிறவர்கள் மத்தியானம் ரசஞ்சோறு சாப்பிட்டு முறிப்பார்கள். முறிக்காத பேதி உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்பது அங்கே லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையின் கடைசிக் காம்பரா வரைக்கும் தெரிந்த விஞ்ஞானம்.

என் கணவர் அந்தத் தோட்டத்து ஒப்பீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து நிறையிலும் சம்பளக் கணக்கிலும் அவரை ஏமாற்றிய ஆள் கிடையாது. தன் வயிற்று விஷயத்தில் மட்டும் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். நான் இந்த மாகாணத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்து, கடைசியில் சத்திரசிகிச்சை வார்ட் சிஸ்டராக ஓய்வு பெற்றேன். நான் சொல்லும் எந்த மருத்துவ விஷயத்தையும் அவர் வானிலை அறிக்கையைக் கேட்கிற மாதிரி கவனமாகக் கேட்பார். கேட்டுவிட்டுக் குடையில்லாமல் போவார்.

அவருக்கு நெடுநாளாக பிரஷர் உண்டு. காலையில் இரண்டு மாத்திரைகள். ஒன்று பிரஷரைக் குறைப்பது. மற்றது உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. அந்த வருடம் பரிவட்டம் அவருக்குத்தான். தேர் நாள் காலையில் அந்த இரண்டையும் பேதிக் கஷாயத்தோடு சேர்த்தே விழுங்கியிருக்கிறார். மாத்திரைக்கென்று தனியாகத் தண்ணீர் குடித்தால் விரதம் கெட்டுவிடுமாம். கோவில் தலைவரைக் கேட்டு, அவருடைய ஆலோசனைப்படி செய்த ஏற்பாடு. கோவில் தலைவர் லொறி ஓட்டுகிறவர். ஆக, ஒரு முதிய மனிதரின் உடம்பிலிருந்து தண்ணீரை முன்னும் பின்னுமாக இரண்டு பக்கத்தாலும் இறக்கிவிட்டு, பிரஷரையும் குறைத்துவிட்டு, சித்திரை வெயிலில் தேருக்குப் பின்னால் மலை ஏற அனுப்பினார்கள். பெருங்குடலைச் சாகடிக்க வேண்டும் என்று நானே திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாகப் போட்டிருக்க மாட்டேன்.

நான் தேரோடு போகவில்லை. ஓய்வுக்குப் பிறகு நாங்கள் குடியிருப்பது பதுளையில்; திருவிழாவுக்கு வந்து கொழுந்தனார் வீட்டில் தங்கியிருந்தேன். கணவரின் தம்பியான இவர் அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்வை பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்பதால் பக்கத்திலிருப்பவரிடமும் அப்படித்தான் பேசுவார். மத்தியானம் அந்தத் தொண்டை தூரத்திலேயே கேட்டது.

"அண்ணி! அண்ணனுக்கு லேசா மயக்கம்! பயப்படாதீங்க!"

பயப்படாதீங்க என்று கத்துகிற ஆளை நம்பி யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. இரண்டு பேர் தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முகம் சாம்பல் நிறம். இடது பக்க வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். உள்ளே வந்ததும் வராததுமாகக் கழிவறைக்கு ஓடினார். வந்தார். மறுபடி ஓடினார். மூன்றாவது தடவை நான் பின்னாலேயே போய், அவர் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கதவைத் தள்ளிப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக இரத்தம், சளியோடு கலந்து.

"இது எப்ப இருந்து?"

"என்னது எப்ப இருந்து?"

"ரத்தம் எப்ப இருந்து போகுது?"

"அது சூடு. நீ கதவ மூடு. ஆளுங்க இருக்காங்க."

ஆட்கள் இருந்தார்கள்தான். வாசலில் ஒரு சபையே கூடிவிட்டது. வெயில் சூடு என்றார் ஒருவர். மூலம் என்றார் இன்னொருவர். காப்புக் கட்டிய பிறகு இவர் பதுளையில் முட்டை சாப்பிட்டிருக்கலாம், அம்மன் சும்மா விடுவாளா என்று ஒரு பெண்மணி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முட்டையை அவித்தவள் நான்தானே. கொழுந்தனார் எல்லோரையும் அடக்கித் தீர்ப்பு வழங்கினார்.

"பேதி முறியல அண்ணி. அதான். ஒரு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு உப்புப் போட்டுக் குடுத்துட்டு, ரெண்டு வாய் ரசஞ்சோத்த உட்டா நின்னுரும்."

"வாயில ஒன்னும் ஊத்தாதீங்க. ஓட்டோவக் கூப்பிடுங்க."

"முறிக்காம உட்டா உசுரக் கொண்டு போயிருங்க."

"முறிச்சாலும் கொண்டு போயிரும். ஓட்டோவக் கூப்பிடுங்க."

என் கைப்பையில் பிரஷர் பார்க்கும் கருவி எப்போதும் இருக்கும். மற்றப் பெண்கள் அந்த இடத்தில் என்ன வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கையில் கட்டிப் பார்த்தேன். வந்த எண்ணை நம்பாமல் மற்றக் கையிலும் கட்டிப் பார்த்தேன். ஒரு காலத்தில் வார்ட்டில் இந்த எண்ணைக் கண்டால் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்திவிட்டு டொக்டரைத் தேடி ஓடுவோம். இங்கே கோவில் தலைவர் வாசலில் நின்று இன்னொரு பிரச்சினையைக் கொண்டுவந்தார்.

"தேரு இப்பதான் பெக்டரி வளைவுல நிக்குதுங்க. ஐயா போயிட்டா பரிவட்டத்த யாருக்குக் கட்டுறது?"

"தேருக்கே கட்டுங்க," என்றேன்.

என் கணவர் படுத்தபடியே, "கொஞ்சம் பொறுத்துப் போவமே, வளைவுதானே," என்றார். அந்தத் தேர் வளைவில் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஓட்டோவில் மேலே ஏறினோம். டவுனுக்கு வந்ததும் கொழுந்தனார் டிரைவரின் தோளைத் தட்டி, தனக்குத் தெரிந்த ஒரு டிஸ்பென்சரி வாசலில் நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் வரிசையாம், இங்கே உடனே பார்ப்பார்களாம். உடனேதான் பார்த்தார்கள். அந்த டொக்டர் கதிரையை விட்டு எழும்பவில்லை. சட்டையைத் தூக்கவில்லை. இரத்தம் என்ற சொல்லைக் கேட்டதுமே எழுத ஆரம்பித்துவிட்டார்.

"மூலம்தான். ஆசனவாயில வைக்கிற மருந்து தாறேன்."

"வயித்துல கை வச்சுப் பாருங்க டொக்டர். வலி முதல்ல வந்திருக்கு. ரத்தம் பின்னாலதான்."

"நீங்க யாரு?"

சொன்னேன். அவர் புன்னகைத்தார். ஓய்வு பெற்ற தாதிகளுக்கென்று டொக்டர்கள் ஒதுக்கி வைத்திருக்கும் புன்னகை அது. "மிஸ்ஸி, நான் எத்தின மூலத்தப் பாத்திருப்பேன்?"

எத்தனை பார்த்தாரோ. மூலத்து இரத்தம் செக்கச்சிவப்பாகத் தனியாகச் சொட்டும். வயிற்றைப் பிடித்துத் திருகாது, ஆளைச் சாம்பலாக்காது, பிரஷரை இறக்காது. இதை முதலாம் வருடத் தாதி மாணவிக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அவருடைய மருந்துப் பையைக் கொழுந்தனாரிடம் கொடுத்து, "இத நீங்க வச்சுக்குங்க, உங்களுக்கு ஆகும்," என்று சொல்லிவிட்டு, ஓட்டோவை விட்டு வேன் ஒன்றைப் பிடித்து, பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

அங்கே எங்களைப் பார்த்தது யாழ்ப்பாணத்துப் பெண், இளம் டொக்டர். தலைமுடி கலைந்து, கண் சிவந்து, சாப்பிடாத முகம். அவரைக் குறை சொல்ல எதுவும் கிடைக்காதது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, வயிற்றில் கையை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே கேட்டார்.

"ஐயா, முதல் வயித்துக் குத்து வந்ததோ, இல்லாட்டி முதல் ரத்தம் போனதோ?"

"குத்துதாங்க மொதல்ல."

"என்னென்ன குளிசை எடுக்கிறனீங்கள்? வேற ஏதும் மருந்து குடிச்சனீங்களோ?"

"பிரஷர் மாத்திரை ரெண்டுங்க. வேற ஒன்னும் இல்லைங்க."

நான் இருமினேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"பேதிக்குக் குடிச்சீங்கள்ல?" என்றேன்.

"அது மருந்தா? அது விரதம்."

டொக்டர் பேனாவை நிறுத்தினார். "பேதிக்கோ? இந்த வெயிலுக்கையோ? பிறகு தண்ணி குடிச்சனீங்களோ?"

"தண்ணி குடிக்கக் கூடாதுங்க," என்று வாசலிலிருந்து கொழுந்தனார் பொறுப்பாக விளக்கினார். அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

இந்த நோயின் பெயர் இஸ்கீமிக் கொலைட்டிஸ். பெருங்குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து, சுவர் வீங்கிப் புண்ணாவது. வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் நான் லயத்துத் தண்ணீர்ப் பீலியை வைத்துத்தான் விளக்கினேன். மலையிலிருந்து இரண்டு குழாய்கள் வருகின்றன. ஒன்று மேல் லயத்துக்கு, மற்றது கீழ் லயத்துக்கு. இரண்டு குழாய்களும் முடிகிற இடத்தில் இருக்கும் காம்பராக்காரருக்கு நல்ல காலத்தில் இரண்டு பக்கத்தாலும் சொட்டும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவருடைய பீலி. பெருங்குடல் இடது பக்கம் விலா எலும்புக்குக் கீழே வளைகிறதே, அந்த வளைவு அப்படிப்பட்ட காம்பரா. இரத்தத்தில் நீர் வற்றி, பிரஷரும் இறங்கினால், உடம்பு மூளைக்கும் இருதயத்துக்கும் முதலில் கொடுக்கும். கடைசிக் காம்பராவைப் பற்றிக் கவலைப்படாது.

மலத்தைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், சீதபேதியா என்று பார்க்க. சிறுநீரகங்களுக்கான இரத்தப் பரிசோதனை வந்த பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வளைவிலிருந்து கீழ்நோக்கிச் சுவர் தடித்திருந்தது. பெரிய இரத்தக் குழாய்கள் அடைபடவில்லை. குடல் சுவருக்குள் காற்று இல்லை. காற்று இருந்தால் சுவர் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த நாள் சத்திரசிகிச்சை நிபுணர், குடலைக் கழுவாமல், காற்றை அதிகம் ஊதாமல், கமராக் குழாயைக் கொஞ்சத் தூரம் மட்டும் விட்டுப் பார்த்தார். ஆசனவாய்ப் பக்கம் சுத்தம். மேலே போகப் போக, கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. அதற்கு அப்பால் ஊதா நிறத் திட்டுகளும் புண்களும். திட்டுகள் ஊதாவாக இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. கறுத்தால் வெட்ட வேண்டும். வெட்டினால் வயிற்றில் துளை போட்டு, மலத்துக்குப் பை மாட்டி அனுப்புவார்கள். இந்த வயதில் சிலர் அந்தப் பையோடுகூட வீட்டுக்கு வருவதில்லை.

இதையெல்லாம் நிபுணர் சிங்களத்தில் என்னிடம் பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டிக் கேட்டேன். இதே வார்த்தைகளை இதே தொனியில் எத்தனையோ மனைவிமாருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அவர்கள் ஏன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று சலித்துமிருக்கிறேன். நானும் கேட்டதையே இரண்டு தடவை கேட்டேன்.

வைத்தியம் என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. அதுதான் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. கையில் சேலைன், அன்டிபயோட்டிக், பிரஷர் மாத்திரைகள் இரண்டும் நிறுத்தம், வாயால் ஒன்றும் கிடையாது. பிறகு பார்த்துக்கொண்டே இருப்பது. நாடி ஏறுகிறதா, காய்ச்சல் வருகிறதா, வயிறு பலகை மாதிரி இறுகுகிறதா. பெரும்பாலான ஆட்களுக்குக் குடல் தானாகவே தேறிவிடும். தேறாதவர்களை நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று மூன்று மொழிகளில் அட்டை தொங்கியது.

பார்வையாளர் நேரத்தில் தோட்டத்திலிருந்து வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அட்டையைச் சுற்றி நின்று வாசித்தார்கள். வாசித்துவிட்டு, கொண்டுவந்த பழங்களையும் பிரசாதப் பொங்கலையும் மேசையில் அடுக்கினார்கள்.

"எழுதியிருக்கத வாசிச்சீங்களா?"

"வாசிச்சோங்க. அது சோறு கீறு குடுக்காதன்னுதானே. இது பிரசாதம்."

கொழுந்தனார் கையில் பிளாஸ்க் ஒன்றோடு நின்றார். அவருடைய கவலை வேறு.

"அண்ணி, நான் ஒன்னு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. பேதிக்குக் குடிச்சு இத்தனை நாளா ஒரு வாய் சோறு உள்ள போகல. இன்னும் அது முறியலயே. உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்?"

"உங்க பேதி அன்னைக்கே ஓடி முடிஞ்சிருச்சு. இப்ப குடல்தான் புண்ணாயிருக்கு. ரத்த ஓட்டம் குறைஞ்சதால."

"சரி, தண்ணி இல்லாம பீலி காஞ்சிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப தண்ணியா ஏதாச்சும் ஊத்தினா நல்லதுதானே?"

"ஊத்துறாங்களே, கையில. கண்ணு தெரியலயா?"

"அது நரம்புக்குப் போறது. வயித்துக்கு?"

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு தம்பியின் வாதத்தை ரசித்துக்கொண்டிருந்தார். நான் பொங்கலை எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரரின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பிளாஸ்கைப் பிடுங்கிக் கீழே காவலாளியிடம் ஒப்படைத்தேன். முகர்ந்து பார்த்தபோது மிளகும் பூண்டுமாக நல்ல ரசம். அவர்கள் சமையலைக் குறை சொல்ல முடியாது.

அவர் தேறிக்கொண்டுதான் வந்தார். இரத்தம் குறைந்தது. வலி குறைந்தது. முகத்தில் பழைய திமிர் தெரிய ஆரம்பித்தது. தாதிமார் படுக்கை விரிப்பைச் சுருக்கத்தோடு விரிக்கிறார்கள் என்று முறைப்பாடு செய்தார். இனிப் பயமில்லை என்று நினைத்து, ஒருநாள் காலையில் குளித்து உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போனேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. கையை வைத்தால் முகத்தைச் சுளித்தார். நாடி என் விரலுக்குக் கீழே ஓடியது. அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருதடவை அழுத்திப் பார்த்துவிட்டு, நிபுணருக்குப் போன் எடுத்தார். நிபுணர் வந்தார், அழுத்தினார், கையை எடுத்தார், தியேட்டருக்குச் சொல்லி வைக்கச் சொன்னார். என்னிடம் சம்மதக் கையெழுத்துக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் எந்த இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்பதுகூடத் தெரியும்.

கட்டிலுக்குக் கீழே குனிந்து செருப்பைத் தேடியபோதுதான் அதே பிளாஸ்க் தெரிந்தது. காலி. மூடியைத் திறந்தேன். மிளகு, பூண்டு. அடியில் குழைந்த சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன.

"என்ன குடிச்சீங்க?"

"ஒன்னும் இல்ல. வாய் காஞ்சிச்சு. கொப்புளிச்சேன்."

"மிளகு ரசத்துலயா?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"முழுங்கினீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. உங்க வயித்த வெட்டுறதா வேணாமான்னு அவங்க அந்தப் பக்கம் நின்னு யோசிச்சிக்கிட்டு இருக்காங்க."

"தம்பி ஆசையாக் கொண்டாந்தான்," என்றார். பிறகு மெதுவாக, "முழுசும் குடிச்சேன்," என்றார்.

கொழுந்தனார் வராந்தாக் கோடியில் ஒளிந்து நின்றார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நானே நிபுணரிடம் சொல்லியிருக்கலாம்; சொல்ல மனமில்லை. மலைக்கு மலை கேட்கும் அந்தத் தொண்டை சொல்லட்டும் என்று விட்டேன். நிபுணர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"என்ன குடுத்தது?"

"ரசம் சார். கொஞ்சம் சோறு. கரைச்சு."

"எவ்வளவு?"

"பிளாஸ்க் சார்."

"எப்ப?"

"காலைல சார். அண்ணி வீட்டுக்குப் போனப்ப."

நான் பக்கத்தில் நின்றும் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னக் குரல். நிபுணர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: இது செத்துக்கொண்டிருக்கும் குடலாகவும் இருக்கலாம், அசைவற்றுக் கிடக்கும் குடலில் போய் விழுந்த சோறாகவும் இருக்கலாம், மறுபடி இரத்தம் எடுப்போம், மறுபடி ஸ்கேன் எடுப்போம். இரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தாலோ சுவரில் காற்று தெரிந்தாலோ நேரே தியேட்டர். இல்லாவிட்டால் மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்துவிட்டுக் காத்திருப்போம்.

ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொழுந்தனார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணி, அண்ணனுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

"உங்க பேதி முறிஞ்சிருச்சா?" என்றேன்.

அவர் அழுதார். நான் சமாதானப்படுத்தவில்லை. எனக்கு அதற்கு நேரமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முதுகு நிமிர்கிறதா குனிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

சுவரில் காற்று இல்லை. இரத்தத்தில் அமிலம் கொஞ்சம் ஏறியிருந்தது, வெட்டுகிற அளவுக்கு இல்லை. மூக்கில் குழாய் விட்டார்கள். ரசம் வந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதரின் வயிற்றை டொக்டர்கள் மாறி மாறி அழுத்திப் பார்த்தார்கள். தியேட்டரிலிருந்து ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார். நான் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள், நோயாளிக் குறிப்பெழுதும் டிக்கட்டோடு சேர்த்துக் குத்தப்பட்டு, தலைமாட்டில் தொங்கியது.

அடுத்த நாள் காலையில் நிபுணர் வந்து கேட்ட முதல் கேள்வி, காற்றுப் பிரிந்ததா என்பது. சத்திரசிகிச்சை வார்ட்டில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. வெளியில் முகம் சுளிக்கிற அந்தச் சத்தத்துக்காக அங்கே குடும்பம் குடும்பமாகக் காத்திருப்பார்கள். பெரிய கிளாக்கர் ஐயா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டார். மூக்கில் குழாயோடு, வாழ்நாளில் ஒருநாள்கூட என் முன்னால் அப்படி நடக்காதது மாதிரி என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க, வெக்கப்பட வேற எடம் கெடைக்கலயா?"

"ரெண்டு தடவ," என்றார்.

நிபுணர் வயிற்றை அழுத்தினார். மென்மையாக இருந்தது. தியேட்டருக்குப் போன் எடுத்து, வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

குழாயை எடுத்து, சில நாள் கழித்துத் தண்ணீர், பிறகு கஞ்சித் தண்ணீர், பிறகு கஞ்சி. வீட்டுக்கு விடும்போது அந்த இளம் டொக்டர் அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நீர் இறக்கும் குளிசை இனி வேண்டாம். மற்றக் குளிசை பாதி. தண்ணீர் நிறைய. பேதி மருந்து, பட்டினி விரதம் இரண்டும் இந்தப் பிறவியில் கிடையாது. சில கிழமைகள் கழித்து முழுக் கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டும். புண் ஆறும்போது சுவர் சுருங்கி வழி அடைபடக் கூடும். அடைபட்டால் வெட்டத்தான் வேண்டும். அந்த வளைவில் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"அப்ப இன்னும் முடியலயா?" என்று கேட்டார் என் கணவர்.

"இன்னும் முடியேல்லை ஐயா."

அந்தச் சில கிழமைகளும் அவர் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியே நின்றேன். முக்குகிறாரா என்று கேட்டுக்கொண்டு. மலம் பென்சில் மாதிரி வருகிறதா என்று பார்ப்பதற்காகத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று உத்தரவு போட்டேன். கல்யாணமான புதிதில் என் கையால் தேத்தண்ணி வாங்கவே கூச்சப்பட்ட மனிதர், என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிற நிலைக்கு வந்தார்.

கொலனோஸ்கோப்பிக்கு முதல் நாள் குடலைக் கழுவுவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு பொடி கொடுத்தார்கள். பெரிய போத்தல் நிறையத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடிக்க வேண்டும். அவர் அதன் மேல் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்தார். முகம் மலர்ந்தது.

"இது என்ன தெரியுதா உனக்கு?"

"தெரியும். குடிங்க."

"பேதி மருந்து! பேதிக்குக் குடிக்காதன்னு எனக்கு அம்புட்டுப் பேச்சு. இப்ப பெரிய டொக்டரே பேதிக்குக் குடுக்குறாரு!"

"இதுல உப்பும் தண்ணியும் அளவாச் சேத்திருக்கு. உடம்புத் தண்ணிய உறிஞ்சாது. உங்க நிலாவாரை மாதிரி இல்ல."

"பேதி பேதிதானே," என்றார். உடனே தம்பிக்குப் போன் எடுத்தார். ஒலிபெருக்கி போடத் தேவையில்லை. மறுமுனைக் குரல் அறை முழுவதும் கேட்டது. கொழுந்தனார், "சரிண்ணே, முறிக்கிறதுக்கு என்ன குடுக்குறாங்களாம்?" என்று கேட்டார். கேட்டதும் தானே பயந்து, "அண்ணி பக்கத்துல இருக்காங்களா?" என்றார். நான் போனை வாங்கி வைத்துவிட்டு, அடுத்த கோப்பையை நீட்டினேன். ஒவ்வொரு கோப்பைக்கும் பிரஷர் பார்த்தேன். அவர் ஒவ்வொரு கோப்பைக்கும் சபித்தார்.

மறுநாள் அவரை உள்ளே கொண்டுபோனதும் வெளியே நின்றேன். இந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு சுருக்கத்தைக் கண்டால் அதைத் தாண்ட எவ்வளவு நேரம் முயல்வார்கள், தாண்ட முடியாவிட்டால் எப்போது கைவிடுவார்கள் என்பதும் தெரியும். ஆகவே, கதவு சீக்கிரம் திறந்தாலும் பயம், திறக்காவிட்டாலும் பயம். ஒன்றும் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவியைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது.

கதவு திறந்தது. நிபுணர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். குடல் இளஞ்சிவப்பாக இருக்கிறது என்றார். வளைவில் வெளிறிய தழும்பு ஒன்று, அவ்வளவுதான். சுருங்கவில்லை. கமரா தடையில்லாமல் போனது. வேறு ஒன்றும் இல்லை. வெட்டத் தேவையில்லை.

நான் நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் போய்விட்டார். சுவரோரமாக, என் கணவரைத் திரும்பக் கொண்டுபோவதற்காகத் தள்ளுநாற்காலி ஒன்று நின்றது. அதில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார வேண்டும் என்று முடிவு செய்து உட்காரவில்லை. சிற்றூழியர் ஒருவர் ஓடி வந்தார்.

"அம்மா, எழும்புங்க. அது நோயாளிக்கு. மத்தவங்க உக்காரக் கூடாது."

"தெரியும்," என்றேன். எழும்பவில்லை.